மைனியின் கல்யாணத்துக்கு ஒரு ஷிராஸ்

ஷிராஸ் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது என் மைனியின் வாயிலிருந்துதான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்சாகப் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனிப் போவதில்லை என்று ஊருக்கு வந்தவள், நேராகக் கொட்டாரத்தில் என் வீட்டுக்குத்தான் வந்தாள். கட்டிலில் பெட்டியைத் திறந்துவைத்து, எனக்கு ஒரு கம்பளிச் சால்வை, என் கணவருக்கு ஒரு தொப்பி என்று எடுத்து வைத்துக்கொண்டே வந்தவள், கடைசியில் இரண்டு நைட்டிகளைப் பிரித்து இரண்டு பாட்டில்களை வெளியே எடுத்தாள். கறுப்புப் பாட்டில்கள்.

"என்னது மைனி, தேனா?"

"தேனா! வைனு மக்கா. ஷிராஸ். அங்க ஞாயித்துக்கெழம மத்தியானம் கூட வேல பாக்குத பிள்ளையளும் நானுமா ஒண்ணு தொறப்போம். இஞ்ச தனியா இருந்து தொறக்க மனசு வராது. நீங்க ரெண்டு பேரும் குடிப்பியளா மாட்டியளா, அது எனக்குத் தெரியாது. ஒரு பாட்டில் நம்ம மூணு பேருக்கு. மத்தது இருக்கட்டும்."

என் கணவருக்குக் கொட்டாரம் கடைத்தெருவில் பாத்திரக்கடை. குடிப்பழக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கல்யாண வீடுகளில் யாராவது வற்புறுத்தினால் இரண்டு வாய் பீர். எனக்கோ வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் போடும் வைன் மட்டும்தான் தெரியும். கறுப்புத் திராட்சையும் சீனியும் கிராம்பும் பீங்கான் பரணியில் போட்டு, துணி கட்டி, மூன்று வாரம் தினமும் கிளறி வடிகட்டுவது. சர்பத் மாதிரி இனிக்கும்.

மைனி மூடியைத் திருகியதும் என் கணவர் என்னைப் பார்த்தார். "கார்க்கு இல்லியா அக்கா? இருமல் மருந்து பாட்டில் மாதிரியில்லா இருக்கு!"

"அங்க எல்லாம் இப்பிடித்தான். நல்லதும் திருகு மூடிதான். மூடிய வச்சு எடபோடக்கூடாது."

மூன்று டீ கிளாஸ்களில் ஊற்றினாள். நான் சர்பத்தை எதிர்பார்த்து ஒரு பெரிய வாய் குடித்தேன். பழுக்காத ஞாவல்பழத்தைக் கொட்டையோடு கடித்தது போலிருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது, ஈறு இழுத்தது. என் கணவர் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்துவிட்டு, கடைசியில் விழுங்கினார். "அக்கா, ஒண்ணும் நெனைக்கப்பிடாது. இது கெட்டுப்போச்சா?"

மைனி சிரித்த சிரிப்பில் கிளாசைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

என் அண்ணன் வளைகுடாவில் இழுவைப் படகு ஒன்றில் மெக்கானிக்காக இருந்தான். கல்யாணமான நாலாம் வருஷம் அங்கேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டான். குழந்தை இல்லை. மைனியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக அவளுடைய அப்பா வந்து நின்றபோது, "நா இஞ்ச மாமி கூட நிக்கேன்" என்றாள். குளச்சல் பக்கத்தில் கடற்கரை ஊரில் இருந்த என் அம்மா வீட்டிலிருந்தே நர்சிங்கில் மேற்கொண்டு படித்து, அங்கிருந்தே விமானம் ஏறினாள். லீவுக்கு வரும்போதெல்லாம் அவளுடைய பெட்டி அம்மா வீட்டில்தான் இறங்கும். இந்த முறை பாட்டில் இருந்ததால்தான் முதலில் என் வீட்டில் இறங்கியது.

"இப்பம் குடிக்கவே வேண்டாம்," என்றாள் மைனி. "அப்பிடியே வச்சிருங்க. காத்து படட்டும். ஒரு அரமணிக்கூர் கழிஞ்சு மூக்குல வச்சுப் பாக்கணும்."

வைத்துவிட்டு ஊர்க்கதை பேசினோம். பிறகு நான் கிளாசை முகத்தருகே கொண்டுபோனபோது அது வேறொன்றாக இருந்தது. முதலில் ஞாவல்பழம், பிறகு மழை நனைத்த கட்டை. அதற்குப் பின்னால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஏதோ ஒன்று. என்னவென்று பிடிபடாமல் மூன்று நாலு தடவை மோந்து பார்த்தேன்.

"மைனி, இதுல நல்லமிளகு போட்டிருக்கா?"

கறுத்த மிளகை நாங்கள் நல்லமிளகு என்றுதான் சொல்வோம். மைனியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒண்ணும் போடல்ல மக்கா. அது அந்தத் திராட்சைக்கு உள்ளதாக்கும். நா ரெண்டு வருஷம் குடிச்ச பெறவுதான் எனக்கு அது தெரிஞ்சுது. நீ மொத நாளே கண்டுபிடிச்சிட்டியே!"

பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் நான். பாராட்டு கிடைத்தால் விடமாட்டேன். அடுத்த ஞாயிறே, "வேற ஷிராஸ் எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. அடிலெய்டு பாட்டில்களில் மிச்சமிருந்ததை மைனி தொடவிடவில்லை. நாகர்கோவில் கடைக்குப் போய் வாங்குவது என் கணவரின் பொறுப்பு. முதல் தடவை போனபோது, "ஷிராஸ் இருக்கா?" என்று கேட்டதற்கு, கடைக்காரர் இனிப்பு வைன் ஒன்றை நீட்டி, "லேடீஸுக்குத்தானே? இது இனிப்பா இருக்கும், கொண்டுபோங்க" என்றாராம். இவரும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மைனி ஒரு மொடக்குக் குடித்துவிட்டு, "இத கேக்கு மாவுல ஊத்திரு" என்றாள். அதற்குப் பிறகு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்து அனுப்பினோம்.

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதற்கு மைனியிடம் சில கணக்குகள் உண்டு. அதே திராட்சை வெயில் ஊரில் விளைந்தால் கனமாக, ஜாம் மாதிரி வரும். குளிர்ந்த மலையில் விளைந்தால் மெலிவாக, மிளகு தூக்கலாக இருக்கும். லேபிளில் போட்டிருக்கும் இடம் நாடு, மாநிலம், ஊர் என்று எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் பல தோட்டத்துத் திராட்சையும் கலந்தது என்று அர்த்தம். சாராயச் சத்து பதினைந்து சதவீதத்தைத் தொட்டால் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. வெயில் படுகிற அலமாரியில் நிற்கும் பாட்டிலை எடுக்கவே கூடாது. இங்கே வீட்டுச் சூட்டில் அப்படியே குடித்தால் காய்ச்சிய கஷாயம் போலிருக்கும் என்பதால், சிவப்பு வைன்தான் என்றாலும் இருபது நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கச் சொல்வாள். "அங்க உள்ளவங்க ரூம் சூட்டுல குடிக்கணும்னு சொல்லுவாங்க. அவங்க ரூமு வேற, நம்ம ரூமு வேற."

டீ கிளாசில் மணம் நிற்கவில்லை என்று அவள் சொன்னதைக் கேட்டு, என் கணவர் கடைக்கென்று ஒரு பெட்டி வைன் கிளாஸ் வரவழைத்தார். கொட்டாரத்தில் அதை வாங்க யாரும் வரவில்லை. ஆறு கிளாசை வீட்டுக்குக் கொண்டுவந்து, மீதியைக் கடையில் முன்வரிசையில் அடுக்கிவைத்து, கேட்பவர்களிடமெல்லாம் காம்பைப் பிடித்து எப்படிச் சுழற்றுவது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

எதோடு குடிப்பது என்பதுதான் பெரிய தலைவலி. ஒரு ஞாயிறு அம்மா சாளைமீன் கறி கொடுத்தனுப்பியிருந்தாள். தேங்காயும் புளியும் அரைத்த சிவப்புக் கறி, மரச்சீனிக்கிழங்குடன். அதைத் தின்றுவிட்டு ஷிராஸை வாயில் வைத்ததும் துருப்பிடித்த ஆணியை நக்கினது போலாகிவிட்டது. மீனின் எண்ணெயும் இந்த வைனின் துவர்ப்பும் ஒன்றுக்கொன்று ஆகாது. போனில் அம்மாவிடம் நான் இதைச் சொல்லியிருக்கக்கூடாது.

"எனக்க மீன்கறியக் குத்தம் சொல்லப்பிடாது, கேட்டியா? அந்த ரசத்த மாத்து."

அவளுக்கு வைன் என்றால் பூசையில் வைக்கும் திராட்சை ரசம்தான். மாட்டிறைச்சியை நல்லமிளகும் தேங்காய்ப்பல்லும் போட்டு வறுத்தால், அதற்கும் ஷிராஸுக்கும் பிறவியிலேயே பொருத்தம் என்று கண்டுபிடித்தபின் எங்களுக்கு வேறு தேடல் இல்லை.

ஊருக்கு வந்து அம்மாவோடு தங்கிய மைனி சும்மா இருக்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் போய்ப் பார்க்கும் ஒரு குழுவில் சேர்ந்து, ஜீப்பில் மலையடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் போய்வந்தாள். அப்படி ஒரு வருஷம் ஓடியிருக்கும். ஒரு ஞாயிறு வந்தவள் பாட்டிலைத் தொடவில்லை. என் கணவர் கிளாஸ்களைத் துடைத்து வைத்தபோது, "பொறுங்க, ஒரு காரியம் சொல்லணும்" என்றாள்.

கீரிப்பாறையில் ஒருவர். அரசு ரப்பர் தோட்டத்தில் சூப்பர்வைசர். மனைவி இறந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது, பிள்ளைகள் இல்லை. அவருடைய அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது மைனிதான் வாரந்தோறும் போய்ப் பார்த்தாள். அந்த அம்மா இறந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. அவர்தான் கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"உன்கிட்டயும் மாமிகிட்டயும் கேக்காம என்ன சொல்ல?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொத நாளு நா போவும்போ அவரு அம்மைக்குத் தலையில பேன் பாத்துக்கிட்டிருந்தாரு, மக்கா. பாத்து, சீவி, ரெட்டைச் சடை போட்டு விட்டாரு. இத்தற வருஷம் நர்சா இருக்கேன். ஆம்பள ஒருத்தன் அம்மைக்குத் தல பின்னத நா பாத்ததே இல்ல."

நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். சந்தோஷம்தான். ஆனால் அண்ணனின் படத்துக்கு முன்னால் இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று என் கணவர் மெல்லக் கேட்டார்.

"நாந்தான் சொல்லணும்," என்றாள் மைனி. "எனக்கு மாமி அவங்கதானே."

அடுத்த சனிக்கிழமை அம்மா வீட்டில் கூடினோம். அம்மா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து றால் உரித்துக்கொண்டிருந்தாள். மைனி அவள் எதிரே உட்கார்ந்து, தானும் ஒரு பிடி றாலை எடுத்து உரித்துக்கொண்டே சொன்னாள். அம்மாவின் கை நிற்கவில்லை. ஓட்டைப் பிய்த்து, குடலை இழுத்து, சட்டியில் போட்டு, அடுத்ததை எடுத்தாள். நான் வாசலில் நின்றேன். சட்டி பாதி நிறைந்தபின் அம்மா கேட்டாள்.

"ஆளு எப்பிடி? முன்கோவியா?"

"இல்ல மாமி."

"வீடு?"

"சொந்த வீடாக்கும். சின்னது."

"நா பாக்கணும். நாளைக்கே போவோம்."

 றாலைக் கழுவ எழுந்துபோனவள் பின்வாசலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். நானும் போகவில்லை, மைனியும் போகவில்லை.

மறுநாள் பூசை முடிந்து காரில் கீரிப்பாறைக்குப் போனோம். மழை தூறியது. ரப்பர் மரங்களில் பால் வடியும் சிரட்டைகளைக் கவிழ்த்துவைத்திருந்தார்கள். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரை ஒன்று இருந்தது. அந்த நெடி காருக்குள்ளேயே வந்துவிட்டது. அம்மா சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

அவர் வாசலிலேயே நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். கடுங்காப்பியும் அவித்த ஏத்தன்பழமும் அவரே கொண்டுவந்து வைத்தார்.  அம்மா வேலை, சம்பளம் எதையும் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அடுக்களைக்குள் போய்ப் பானை மூடியைத் திறந்து பார்த்தாள். அவருடைய அம்மாவின் கட்டில் இன்னும் விரித்தபடி கிடந்த அறையில் கொஞ்சம் நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"குடிப்பியளா?"

அவர் நிமிர்ந்துவிட்டார். இந்தக் கேள்விக்குத் தயாராக இருந்திருக்க வேண்டும். "ஒரு சொட்டு தொட்டதில்ல அம்மா. பீடி, சிகரெட்டு, வெத்தல ஒண்ணும் கெடையாது. யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுக்கிடலாம்."

அம்மா யோசித்தாள். "அப்பம் எனக்க மருமவ ஞாயித்துக்கெழம ரசத்த யாரு கூட இருந்து குடிப்பா?"

முதலில் சிரித்தது என் கணவர். பிறகு நானும் மைனியும் அடக்கமுடியாமல் சிரித்தோம். அவருக்கு மட்டும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "நா கூட இருந்துக்கிடுவேன்," என்றார். "குடிக்காம கூட இருக்கலாம்லா?"

திரும்பும்போது பூதப்பாண்டி தாண்டும்வரை அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு யாரிடமென்றில்லாமல் சொன்னாள். "ஆளு கொள்ளாம்."

கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அம்மாவிடமிருந்து அதற்கு மேல் யாருக்கும் கிடைத்ததில்லை.

கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த முதல் ஞாயிறே பேச்சு கிளம்பிவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்ததும் தெருக்காரி ஒருத்தி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "மோனுக்க பெண்டாட்டிய நீயே கெட்டிக் குடுக்கியா?"

"பின்ன நீ கெட்டிக் குடுப்பியா?" என்றுவிட்டு அம்மா நடந்துவிட்டாள்.

எங்கள் கல்யாண வீடுகளில் கேக் வெட்டியதும் பெரியவர் ஒருவர் எழுந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்தி இரண்டு வார்த்தை பேசுவார். எல்லாருக்கும் சின்ன கிளாசில் ஒரு வாய் வைன் கொடுப்பார்கள். அது எப்போதும் வீட்டு வைனாகவோ கடை இனிப்பு வைனாகவோதான் இருக்கும். மைனி தன் கல்யாணத்தில் ஒரே ஒரு விஷயம் கேட்டாள், அது ஷிராஸாக இருக்க வேண்டும் என்று. புடவை, நகை, சாப்பாடு எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை.

"வச்சிரலாம்," என்றாள் அம்மா. "ஆனா நா குடிச்சுப் பாக்காத சாதனத்த எனக்க முத்தத்துல வச்சு ஆளுவளுக்குக் குடுக்கமாட்டேன்."

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, ஏதோ உள்ளூர் விடுமுறை, எங்கள் கொட்டாரம் வீட்டில் ஐந்து பேர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவரும் கீரிப்பாறையிலிருந்து வந்திருந்தார். விலையும் லேபிளும் பார்த்து யாரும் முடிவு செய்துவிடக்கூடாது என்று, நான் நாலு பாட்டில்களையும் பழைய பேப்பரில் சுற்றினேன், என் கணவர் அவற்றை இடம் மாற்றி அ, ஆ, இ, ஈ என்று எழுதி ஒட்டினார். ஒன்று மகாராஷ்டிராவில் செய்தது. ஒன்று கர்நாடகம். இரண்டுமே நாகர்கோவிலில் வாங்கியவை. ஒன்று கப்பலில் வேலை பார்க்கும் என் ஒன்றுவிட்ட தம்பி கொண்டுவந்த தென்னாப்பிரிக்கச் சரக்கு. கடைசியாக, மைனி நைட்டியில் சுற்றிக் கொண்டுவந்து பூட்டிவைத்திருந்த அந்த இரண்டாவது அடிலெய்டு பாட்டில். தென்னாப்பிரிக்கப் பாட்டிலுக்கு கார்க் இருந்தது. அதைத் திறக்க வழியில்லாமல் என் கணவர் கடையிலிருந்து ஒரு திருகாணியும் குறடும் கொண்டுவந்து மல்லுக்கட்டினார். கார்க் பாதியில் உடைந்து, மீதி உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்து ஊற்றினோம்.

முதலில் அந்தப் பாட்டில்தான், இ. கறுத்து, தடித்து, கிளாஸ் ஓரத்தில் வழிந்தது. கட்டைவாடை தூக்கலாக இருந்தது. எனக்கும் என் கணவருக்கும் பிடித்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "கிறிஸ்மஸ் ரசத்த அடுப்புல வச்சிட்டு எவளோ மறந்துபோயிட்டா."

அடுத்தது ஆ. நான் மோந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். டயர் கருகிய நெடி. மைனியும் முகத்தைச் சுளித்தாள். "சில ஷிராஸுல இப்பிடி வரும். காத்து பட்டா கொறஞ்சாலும் கொறையும்." அவர் குடிக்கவில்லை, மோந்து பார்க்க மட்டும் சம்மதித்திருந்தார். கிளாசைத் தயங்கித் தயங்கி மூக்கருகே கொண்டுபோனவர், சட்டென்று முகம் தெளிந்து எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"இது எங்க பொகைப்புரையில்லா!"

மறுபடி மோந்தார். "மழக்காலத்துல மொத நாளு பொக போடும்போ இப்பிடியாக்கும் இருக்கும். இதத்தான் வைக்கணும். இதுதான் நல்ல சாதனம்."

வாழ்க்கையில் முதன்முதலாக வைனை மோந்தவர், எல்லாரும் வேண்டாமென்று ஒதுக்கியதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். மைனி சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன். அதுவரை அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. மைனியின் கணவர் என்றால் முறைப்படி அண்ணன். அந்தச் சொல் வேறொருவனுடையதாக இருந்தது. போனில் பேசும்போதுகூட "வணக்கம்" என்று தொடங்கி முறை சொல்லாமலே பேசி முடித்துவிடுவேன். அன்று, "அண்ணா, கிளாசைக் குடுங்க, உங்களுக்குத் தனியா எடுத்து வைக்கேன்" என்று என் வாயில் தானாக வந்துவிட்டது. மைனி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். 

ஈ ஊற்றியதும் மைனிக்கு அது எது என்று மணத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும். கிளாசைச் சுழற்றி மோந்துவிட்டு அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆழமான சிவப்பு. ஞாவல், நல்லமிளகு, எங்கோ ஒரு ஓரத்தில் கருப்பட்டி. விழுங்கின பிறகும் வாய்க்குள் நின்றது. எங்கள் ஞாயிறுகளில் இதற்குப் பக்கத்தில் வந்த பாட்டில் ஒன்றுமில்லை. நானும் என் கணவரும் ஈ என்று எழுதிவிட்டோம்.

அம்மா இரண்டு தடவை குடித்தாள்.

"நல்ல சாதனம்," என்றாள். "கொற சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இதக் குடிச்சா மனுசனுக்குப் பேச்சு நின்னுபோவுது. பாத்தியளா, ஒருத்தருக்கும் சத்தமில்ல. கல்யாண வீட்டுல ஆளு பேசணும், சிரிக்கணும்."

கடைசியாக அ. அது மெலிந்த உடம்புக்காரி. நிறம் குறைவு, ஆனால் மிளகு உண்டு, லேசான புளிப்பு உண்டு, துவர்ப்பு அளவோடு நின்றது. அம்மா குடித்துவிட்டு மேசையைத் துழாவி, தட்டிலிருந்து ஒரு துண்டு இறைச்சி வறுவலை எடுத்து வாயில் போட்டாள். மறுபடி ஒரு மொடக்கு. மறுபடி ஒரு துண்டு.

"இதப் போடு. இது குடிச்சா கறி வேணும்னு தோணுது. கறி தின்னா இது வேணும்னு தோணுது. விருந்துக்கு இதாக்கும்."

பேப்பரைப் பிரித்தேன். மகாராஷ்டிரா. நாலில் விலை குறைந்ததும் அதுதான், நாகர்கோவிலில் எத்தனை வேண்டுமானாலும் கிடைப்பதும் அதுதான். மைனி தன் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். அவளும் அ என்றுதான் எழுதியிருந்தாள்.

"உங்களுக்க பாட்டிலையே வேண்டாம்னு வச்சிட்டீங்களா?" என்றேன்.

"அது இன்னிக்குக் குடிக்கதுக்கு ஏட்டி," என்றாள். மீதியை அந்த மத்தியானமே குடித்து முடித்தோம். அம்மாவும் அரை கிளாஸ் வாங்கிக்கொண்டாள்.

கல்யாணம் அம்மாவின் ஊர்க் கோயிலில் நடந்தது. வீட்டு முற்றத்தில் பந்தல். நெருங்கிய சொந்தங்கள், மைனி வேலை பார்த்த குழுவினர், கீரிப்பாறையிலிருந்து ஒரு வேன் நிறைய தோட்டத்து ஆட்கள். வாழ்த்துப் பேச அம்மாவின் தம்பியைத்தான் ஏற்பாடு செய்திருந்தோம். கேக் வெட்டினார்கள். எல்லார் கையிலும் சின்ன கிளாஸ் வந்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தபோது அம்மா அவர் தோளில் கைவைத்து உட்காரவைத்தாள்.

"நீ இரு. நா சொல்லுகேன்."

 எங்கள் ஊரில் பெண்கள் எழுந்து வாழ்த்துவது வழக்கமில்லை. அதுவும் செத்துப்போன முதல் மாப்பிள்ளையின் அம்மா. அவள் கிளாசை எங்களைப் போலக் காம்பில் பிடிக்கவில்லை, பூசைப் பாத்திரம் போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"எனக்க மோன் போயாச்சு. அவன் இருந்திருந்தா இண்ணைக்கு இந்தப் பந்தலுக்கு வேலையில்ல. இவ எனக்கு மருமவளா வந்தா. மோளா நின்னா. எனக்க மோளக் கெட்டிக் குடுக்கேன். ரெண்டு பேரும் சொகமா இருக்கணும்." கிளாசைக் கொஞ்சம் உயர்த்தினாள். "எல்லாரும் குடியுங்க. மொதல்ல கொஞ்சம் தொவர்க்கும். பயப்படாதீங்க."

மைனி அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுச்சேலை மண்ணில் புரண்டது. அம்மா அவளை எழுப்பப் பார்த்து, முடியாமல், தானும் குனிந்து அவள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் என் கிளாசைக் குடித்தேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. நினைவிருப்பது, அவர் தன் கிளாசை அப்படியே வைத்துவிடாமல், அன்று ஒரு நாளைக்கென்று ஒரு சொட்டு உதட்டில் நனைத்துக்கொண்டதும், கசந்த முகத்தோடு அம்மாவிடம் போய், "மாமி, வாருங்க, இரியுங்க" என்று நாற்காலியை இழுத்துப்போட்டதும்தான். அதுவரை அவளை அவர் அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அவர்கள் கீரிப்பாறையில் இருக்கிறார்கள். போன கோடையில் கொட்டாரத்தில் எங்கள் மச்சு அறையில் வைத்திருந்த இரண்டு பாட்டில்கள் சூட்டில் வெந்து, திறந்தால் புளிச்ச கஞ்சி வாடை வந்தது. அதிலிருந்து எங்கள் சேகரிப்பெல்லாம் மலைக்குப் போய்விட்டது. அவருடைய அம்மா படுத்திருந்த அறையில் வடக்குச் சுவர் ஓரமாக அவரே மரத்தட்டுகள் அடித்து, பாட்டில்களைச் சாய்த்து அடுக்கியிருக்கிறார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. புகைப்புரை நெடி உள்ளே வராமலிருக்கக் கதவிடுக்கில் சாக்கு. ஒரு சொட்டு குடிக்காதவர், எந்தப் பாட்டில் எந்த மாதம் வந்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்கிறார். திறக்கும்போது முதலில் மோந்து பார்ப்பது அவர்தான். "இதுக்கு நேரம் ஆவல்ல," என்று சில நாள் மூடிவைத்துவிடுகிறார். மைனி சண்டைபோட்டாலும் கேட்பதில்லை. அவர் சொன்னது இரண்டு தடவை சரியாகவும் மூன்று தடவை தப்பாகவும் போயிருக்கிறது.

அம்மாவுக்கு முட்டுவலி. மலை ஏற்றம் ஆகாது என்று டாக்டர் சொல்லியும் எங்களோடு வந்துவிடுகிறாள். அவளுடைய கிளாசில் ஐஸ் துண்டு போட்டுத் தரவேண்டும். மைனி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், அப்படிப் போட்டால் மணம் செத்துவிடும் என்று. "எனக்கு மணம் வேண்டாம், குளுந்தா போதும்" என்றுவிட்டாள்.

போன சனிக்கிழமை சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. பின்னால் மழை கொட்டும் சத்தம்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வாறீங்க?"

"பூசை முடிஞ்சு நேரா வாறோம் அண்ணா. மதியத்துக்கு முன்ன எத்திருவோம்."

"நாளைக்கு மாட்டெறச்சி கெடைக்கல்ல. கோழிதான். அப்பம் எத எடுத்து வைக்கட்டும்? அந்த மகாராஷ்டிராவா, இல்ல தம்பி கப்பல்லேந்து கொண்டுவந்ததா?"

நான் யோசித்தேன். கோழி என்றால் கனமானது வேண்டாம். என் கணவர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கப்பல் பாட்டிலு, கப்பல் பாட்டிலு" என்று சைகை காட்டினார். அந்தப்பக்கம் மைனியின் குரல் கேட்டது.

"அவகிட்ட கேக்காதீங்க, மாமிகிட்ட கேளுங்க!"

அம்மா அன்று என் வீட்டில்தான் இருந்தாள். போனை அவளிடம் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கோழி வறுத்ததா, கறியா?" என்றாள்.

"கறிதான் மாமி. தேங்காப்பாலு விட்டு."

"அப்பம் ரெண்டையும் வச்சிருங்க மக்கா," என்றாள் அம்மா. "வந்து பாத்துக்கிடலாம்."